ரோகினிக்குப் பத்தியம்

சுவா ஊருக்குப் பக்கத்து எங்கள் எஸ்டேட் தோட்டத்தில் யார் பிள்ளை பெற்றாலும் பத்தியச் சோறும் சுடுதண்ணீர்க் குளியலும் என் கையால்தான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. ஒரே ஒருத்தி கூப்பிட்டுத்தான் நான் போகவில்லை. அவள் கர்ப்பத்தைக் கலைத்தவள். "புள்ளய வேணாம்னவளுக்கு என்னா பத்தியம்?" என்று கூப்பிட வந்தவர்களை வாசலோடு அனுப்பிவிட்டேன். கலைப்பது பாவம். அதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

என் தம்பி குணாளனின் மனைவி ரோகினிக்கு மூன்றாவது பிரசவத்தில் இதயம் பலவீனமாகிவிட்டது. இன்னொரு பிள்ளை தாங்காது என்று டாக்டர் அப்போதே சொன்னார். இருந்தும் நான்காவது தங்கியது. "டாக்டருங்க அப்படித்தான் பயங்காட்டுவாங்க, அம்மன் பாத்துக்குவா லா" என்று சொல்லிவிட்டு, பிரசவத்துக்கு ஏழு மாதம் முன்னாடியே மருந்துப் பொடி இடித்து, கருவாடு வாங்கி, நல்லெண்ணெய்ப் போத்தலோடு அவள் வீட்டுக்குப் போய் நின்றேன். என்னைப் போல அவசரக்குடுக்கை இந்தத் தோட்டத்தில் கிடையாது.

கதவைத் திறக்க வந்தவள் பாதி வழியில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். உதடு வெளுத்திருந்தது. எண்ணெயை வைக்க அலமாரியைத் திறந்தேன். உள்ளே ஆஸ்பத்திரிக் கடிதம். உயிருக்கு ஆபத்து என்பதால் கர்ப்பத்தைக் கலைக்கத் தேதி கொடுத்திருந்தார்கள். அந்தத் தேதி போன வியாழக்கிழமையே முடிந்துவிட்டது.

"ஏன்டி போவல?"

"பயமா இருந்திச்சி அண்ணி."

"ஆஸ்பத்திரிக்கா?"

"உங்களுக்கு." தலை நிமிராமல் சொன்னாள். "எனக்கு அம்மா இல்ல. நீங்கதான். நான் செத்தாக்கூட நீங்க என்னைய குளிப்பாட்டுவீங்க. கலைச்சிட்டு வந்தா குளிப்பாட்டுவீங்களா?"

மூன்று பிள்ளைகளையும் விட்டுவிட்டுச் சாகத் துணிந்திருக்கிறாள், என் முகம் திரும்பிவிடுமே என்று. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். திட்டவும் திட்டினேன், அவளையும் என்னையும் சேர்த்து.

அந்தச் சின்ன உயிரை நினைத்தால் இன்றும் எனக்கு வலிக்கிறது. ஆனால் இவளைப் பாவி என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. அப்படியானால் அன்றைக்கு அந்தப் பெண்ணை மட்டும் எப்படிச் சொன்னேன்? அவள் வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லையே.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வேறு தேதி வாங்கினோம். செவ்வாய்க்கிழமை குணாளன், தான் வேலை செய்யும் சுங்கை காடுட் ஃபேக்டரியில் லீவு போட்டான். ஆஸ்பத்திரியில் உள்ளே கூட்டிப்போகும்வரை அவள் என் கையை விடவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள், பின்கட்டில் பலகை போட்டு உட்காரவைத்து, தலைக்கு எண்ணெய் தேய்த்துச் சுடுதண்ணீர் ஊற்றினேன். வேலிக்கு அந்தப் பக்கம் செல்லம்மா எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாத சேதி தோட்டத்தில் ஏது?

"என்னா மாதவி, புள்ள பெத்தவளுக்கு ஊத்துற மாதிரில ஊத்துற? புள்ள எங்க?"

ரோகினி முகத்தை என் சேலைக்குள் புதைத்துக்கொண்டாள்.

"தோ, குளிப்பாட்டிக்கிட்டுதானே இருக்கேன், கண்ணு தெரியல?" என்றேன். "தள்ளிப் போ லா, எம் புள்ளைக்குத் தண்ணி ஆறுது."