முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு

வீட்டின் பின்புறப் பாத்திகளில் இந்த முறை ஜெரேனியம் இலைகள் கனத்துக் கிடந்தன. அக்கா நுனி கிள்ளி, வேர் அழுகாதபடி தண்ணீரை அளந்து விட்டு வளர்த்தவை. காலையில் ஈரம் காய்ந்ததும் வெட்டி, ஆவியில் வடித்து, மேலே மிதந்த எண்ணெயை முகப்பூச்சில் கலந்தாள். பருவுக்கு நல்லது, முகர்ந்தால் மனசும் லேசாகும் என்று தெருவே வாங்கியது.

டப்பாக்களில் அடைப்பது தங்கையின் வேலை. ஆனால் அக்கா சரி சொல்லாமல் ஒரு மூடியும் திருகப்படாது. ஒவ்வொரு முறையும் முழங்கையின் உள்மடிப்பில் ஒரு சொட்டுத் தடவி, ஓர் இரவு காத்திருப்பாள். சிவந்தால் மொத்தமும் சாக்கடைக்கு.

இந்த முறை வாசனை மூக்கைத் துளைத்தது.

"எண்ணெய் கொஞ்சம் தூக்கலா இருக்கேக்கா."

"நீ எதுலதான் குறை சொல்லாம இருந்திருக்க? பாரு." அக்கா கையை நீட்டினாள். மடிப்பில் ஒரு புள்ளிகூட இல்லை.

முதல் டப்பாவைத் தங்கையின் மகள் எடுத்துக்கொண்டாள்; மற்றவை தெருவுக்குப் போயின. திங்கட்கிழமை ஓட்டல் வரவேற்பறையில் வேலைக்குச் சேர வேண்டும். முகத்தைப் பார்த்துதான் எடுத்தார்கள்; கன்னத்தில் இப்போது பார்த்துப் பருக்கள்.

சனிக்கிழமை, குளியலறை அலமாரியில் நசுங்கிய களிம்பு டியூப் ஒன்று தங்கையின் கண்ணில் பட்டது.

"இது யாருதுக்கா?"

"என்னுதுதான். இலை வெட்டி வெட்டி ஒரே அரிப்பு. மருந்துக்கடையில குடுத்தாங்க. தடவினா சிவப்பெல்லாம் உடனே அடங்கிடுது."

"எங்க தடவுற?"

"கை முழுக்க."

"மடிப்புலயுமா?"

அக்கா கையைத் திருப்பி மடிப்பைப் பார்த்தாள். சிவப்பை அடக்கும் மருந்து ஊறிய தோலில்தான் அவள் சோதித்துப் பார்த்திருந்தாள்.

தங்கை ஓடிப்போய் மகளின் அறைக்கதவைத் தட்டினாள்.

"இரும்மா, பூச்சு காயட்டும்."

"கழுவுடி முதல்ல!"

"எரிஞ்சாதான் வேலை செய்யுதுன்னு பெரியம்மா சொல்லுவாங்களே? நேத்தே எரிஞ்சுது. அதான் இன்னிக்கு ரெண்டு மடங்கு போட்டேன்." குரலில் உற்சாகம். பிறகு, கொஞ்சம் மெதுவாக: "அம்மா, கண்ணைத் திறக்க முடியலையே."

தாழ்ப்பாளைத் தடவித் தடவி அவளே திறந்தாள். இமைகள் ஊதி மூடியிருந்தன. கன்னங்கள் செக்கச்செவேலென்று நீர் கோத்துப் பளபளத்தன.

குழாயடியில் தங்கை குளிர்ந்த நீரை அள்ளி அள்ளி ஊற்றினாள். கண்மூடியபடியே மகள் கேட்டாள்: "பெரியம்மா, திங்கக்கிழமைக்குள்ள வத்திடும்ல?"

அக்கா மருத்துவமனைக்கு வண்டி சொல்லிவிட்டு, பூச்சு வாங்கியவர்களை ஒவ்வொருவராக ஃபோனில் அழைக்க ஆரம்பித்தாள்.

"அந்தப் பூச்சு வேண்டாம், தொடாதீங்க," என்றாள் முதலாவது பெண்ணிடம்.

"ஐயோ, ஏங்க? லேசா எரியத்தான் செய்யுது. வாசனை நல்லாயிருக்குன்னு இப்பதான் குழந்தைக்கும் பூசிவிட்டேன்."