கிலோவுக்குக் கிலோ

நாலு மாதம் படித்த படிப்புக்குச் சர்மிளாவுக்குக் கிடைத்தது முப்பத்தெட்டுப் புள்ளி. சித்தியடைய ஐம்பது வேண்டும். கூடவே ஒரு குறிப்பும் வந்திருந்தது: 'நிறுவனம் இலாபம் காட்ட வேண்டும். உங்கள் விடையில் நட்டம் வருகிறது. திருத்தி அனுப்பவும்.'

வந்த ஆத்திரத்தில் ஃபோனைக் கட்டிலில் விட்டெறிந்தாள். தரையில் எறியவில்லை. ஆத்திரம் வேறு, ஃபோனின் விலை வேறு.

கொழும்பிலிருந்து ஒன்லைனில் நடத்தும் பாடநெறி அது. ஒரு தொழில் அடுத்த ஐந்து வருடத்தில் பிழைக்குமா, மூழ்குமா என்று எக்செலில் போட்டுப் பார்க்கச் சொல்லித்தருவார்கள். ஃபினான்ஷியல் மொடலிங் என்று பெயர். இரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்து, மாத்தளை டவுன் புடைவைக் கடையில் பில் போட்டுக்கொண்டே அதைப் படித்தாள் சர்மிளா. வெள்ளிக்கிழமை மாத்தளையில் ஒரு நிதிக் கம்பனியில் நேர்முகப் பரீட்சை. பயிற்சி ஆய்வாளர் வேலை. இந்தச் சான்றிதழ் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள்.

பிரச்சினை, புள்ளிக்காகச் செய்து அனுப்பும் கடைசி ஒப்படையில்தான். உள்ளூர் உதாரணம் இருக்கட்டும் என்று, பச்சை மிளகு வாங்கிக் காயவைத்து விற்கும் ஒரு கற்பனைக் கம்பனியைக் கொடுத்திருந்தார்கள். நல்ல எண்ணம், யார் இல்லையென்றது? ஆனால் ஆயிரம் கிலோ பச்சை மிளகு வாங்கினால், காய்ந்த பிறகும் ஆயிரம் கிலோ விற்கலாம் என்று போட்டிருந்தார்கள். மாத்தளைப் பக்கத்தில் பாலர் வகுப்புப் பிள்ளைகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். சர்மிளா மூன்று கிலோவுக்கு ஒரு கிலோ என்று மாற்றிப் போட்டாள். முதல் வருடமே கம்பனி படுத்துவிட்டது.

கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா அழகாயி, வாசலில் உட்கார்ந்து மிளகை உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?"

"ஃபெயில் போட்டுட்டாங்கம்மா. அவங்க சொல்ற மாதிரி மாத்தி அனுப்பினா பாஸாம்."

"அனுப்பேன். சான்றிதழ வாங்கிக்க. வேலைக்குப் போனப்புறம் யாரு இத நோண்டப் போறா?"

"பச்ச மொளகு ஒரு கிலோ காஞ்சாலும் ஒரு கிலோவே இருக்குமாம்மா."

அழகாயியின் கை நின்றது. "எந்த மடையன் சொன்னான்?"

"கோர்ஸ்ல அப்படித்தான் இருக்கு."

"அப்ப நாலு நாளா படங்கு விரிச்சு அதுல கொட்டி, மழ வந்தா அள்ளிக்கிட்டு ஓடி, வெயில் வந்தா திரும்பக் கொட்டி, இதெல்லாம் என்னாத்துக்கு? மொளகுக்கு ஊர் சுத்திக் காட்டவா?" சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவள் முடிக்கும்போது சிரிக்கவில்லை. "மாத்தாதடி. மாத்தி அனுப்பினா எங்கிட்டப் பேசாத."

மறுநாள் சர்மிளா தன் கணக்கையே விளக்கத்தோடு திரும்ப அனுப்பினாள். மாலையில் பாடநெறி இணைப்பாளர் உமாசுதன் அழைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர். குரலை உயர்த்தத் தெரியாத மனிதர், அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"தங்கச்சி, நீங்கள் சொல்லுறது சரியாத்தான் இருக்கும். ஆனால் இருநூறு பேர் இந்த விடையோட பாஸ் பண்ணிப்போட்டினம். இப்ப மாத்தினால் எல்லாற்ற சான்றிதழும் கேள்விக்குள்ள வந்திடும். ஒண்டு செய்யுங்கோ. எங்கட இணையப் பக்கத்தில மதிப்பீடு எழுதுற இடம் இருக்கு. அஞ்சு நட்சத்திரம் போடுங்கோ. உங்கட புள்ளியை நான் பாத்துக்கொள்ளுறன்."

வெள்ளிக்கிழமைக்கு இரண்டே நாள். 'சரி சார்' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"சார், நாளைக்கு நான் இந்தக் கணக்க நம்பி ஒரு கம்பனிக்கு சரின்னு கையெழுத்துப் போட்டா, அந்தக் கம்பனி மூழ்கிரும். அங்க மொளகு காய வைக்கிற ஆளுங்க நடு ரோட்டுல நிப்பாங்க. பொய்க்கு எனக்கு சான்றிதழ் வேணாம் சார்."

சொன்ன கையோடு மதிப்பீட்டை எழுதினாள். இரண்டு நட்சத்திரம். 'பாடம் நடத்தும் முறை நல்லது. எக்செலை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை, அதற்கு நன்றி. ஆனால் கணக்குப் போடத் தெரிந்தால் போதாது. கையில் தந்த எண் உண்மையா என்று கேட்கவும் பழக்க வேண்டும். இங்கே கேட்டால் ஃபெயில். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஒரு கிலோ. சந்தேகம் இருந்தால் எங்கள் வீட்டுக்கு வந்து நிறுத்துப் பாருங்கள். சர்மிளா, இரத்தோட்டை. சித்தியடையவில்லை.'

வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு போகவில்லை. தன் கணக்கை அச்செடுத்துக் கொண்டுபோனாள். நிதிக் கம்பனியின் முன்மேசையில் இருந்த பெண் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "சான்றிதழ் இல்லாட்டி லிஸ்ட்ல பேர் போட ஏலாது மிஸ்."

திரும்பும் பஸ்ஸில் அழுகை வந்தது. அழுதாள். பக்கத்திலிருந்தவர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்றே அழுதாள். தான் செய்தது பிழையென்று மட்டும் அவளுக்கு ஒரு கணமும் தோன்றவில்லை.

ஃபோனில் அறிவிப்பு மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எழுதிய மதிப்பீட்டின் கீழே யாரோ பதில் போட்டிருந்தார்கள். கலேவெலயிலிருந்து றுக்ஸானா. 'எங்கட வாப்பா மொளகு யாவாரம். பிழை எண்டு பார்த்த உடனே விளங்கிச்சு. சான்றிதழ் கெடைக்காம போயிடும் எண்டு பயத்துல லாபத்தையே போட்டு பாஸ் பண்ணினேன். வெக்கமா இருக்கு தங்கச்சி.' அதன் கீழே கண்டியிலிருந்து ஒருவர். பிறகு கேகாலை. பிறகு மாத்தளை டவுனிலிருந்தே மூன்று பேர்.

பஸ் இரத்தோட்டைக்கு வந்து நின்றபோது பதினொரு பேர் எழுதியிருந்தார்கள். பதினொரு பேருக்கும் சரியான விடை தெரிந்திருந்தது. பதினொரு பேரும் பிழையான விடையை எழுதிச் சித்தியடைந்தவர்கள்.

இறங்கி நடக்கும்போது உமாசுதன் அழைத்தார். இன்று அவர் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

"தங்கச்சி, அந்த மதிப்பீட்டைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கோ. உங்கட சான்றிதழை இப்பவே அனுப்பிவிடுறன்."

"அனுப்புங்க சார்," என்றாள் சர்மிளா. "உங்க கணக்கத் திருத்திட்டு, எங்க பன்னெண்டு பேருக்கும் புதுசா அனுப்புங்க. மதிப்பீடு அங்கயேதான் இருக்கும்."