கண்ணாடி அலமாரி

இந்தப் பழைய படத்தை மறுபடி எடுக்காதீர்கள் என்று முதல் நாளே சொன்னேன். இயக்குநர் சிரித்தார். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு, நாங்கள் கதை பேசும் அறையில் யாரும் சிரித்தது அதுதான் கடைசி.

வசனம் என் பெயரில் வரும் என்று சொல்லித்தான் வேலைக்கு எடுத்தார்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். திரையில் மகள் பெயர் வரப்போகிறது என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

படத்தின் உயிரே ஒரு காட்சிதான். காய்ச்சல் என்று பொய் சொல்லி விடுப்பு எடுத்த குமாஸ்தாவைப் பார்க்க, முதலாளியே பழக்கூடையோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார். இவன் அலமாரிக்குள் ஒளிகிறான். முதலாளி அந்தக் கதவிலேயே சாய்ந்து உட்கார்ந்து, இப்படியொரு நேர்மையானவன் உண்டா என்று இவன் மனைவியிடம் உருகுகிறார். உள்ளே இவனுக்குத் தும்மல் முட்டுகிறது. அவ்வளவுதான். வேலை போய்விடுமோ என்று ஒருநாளாவது பயந்தவனுக்குத்தான் அது சிரிப்பு. என் பட்டமளிப்பு விழாவுக்கு அப்பா வேலையிடத்தில் வயிற்றுவலி என்று சொல்லி விடுப்பு எடுத்துவிட்டு வந்தார். அவருடைய மேற்பார்வையாளரின் மகளுக்கும் அன்றைக்குத்தான் பட்டம். விழா முடியும்வரை அப்பா தூணுக்குப் பின்னால் நின்றார். புகைப்படத்தில் அம்மா, நான், ஒரு தூண். இன்றும் அதை எடுத்தால் மூவரும் விழுந்து விழுந்து சிரிப்போம். சிரித்து முடித்ததும் எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும்.

இயக்குநருக்கு இது எங்கே புரியும்? தயாரிப்பாளர் அவருடைய அப்பா. விடுப்பு கேட்டே பழக்கமில்லாத பரம்பரை.

ஒருநாள் காலை இயக்குநர் நாயகனைப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒளியிறதுக்கு ஒத்துக்கிட்டாரு. ஆனா மூஞ்சி தெரியணுமாம். ரசிகருங்க வெறும் கதவையா பாப்பாங்க? அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு போட்டுடலாம்."

"சார், கண்ணாடின்னா முதலாளிக்கும் தெரியுமே?"

யோசித்தார். நிஜமாகவே நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார்.

"முதலாளிக்குக் கண்ணு தெரியாதுன்னு வெச்சுக்கோ."

"கண்ணு தெரியாதவருக்குப் பயந்து எதுக்கு சார் அலமாரிக்குள்ள போகணும்? மூச்சு விடாம ஓரமா நின்னா போதாதா?"

"உன்கிட்ட இதாம்மா தொல்லை. காமெடிக்குப் போய் லாஜிக் பாக்குற."

"காமெடிக்குத்தான் சார் பாக்கணும். உங்க சண்டைக் காட்சிய நான் ஏதாவது கேட்டேனா?"

அவர் முகம் கறுத்தது. "இதோ பாரு. டைட்டில்ல பேரு வேணுமா, வேணாமா?"

அப்பாவின் முகம் கண்முன் வந்து போனது. அந்தக் கண்ணாடிக் கதவும் வந்தது.

"வேணாம். எடுத்துடுங்க."

கொஞ்சமாவது கெஞ்சுவார் என்று நினைத்தேன். பேனாவை எடுத்து, மேஜையில் கிடந்த டைட்டில் பட்டியலில் என் பெயரை ஒரே இழுப்பில் அடித்தார். அடித்த இடத்தில் தன் பெயரை எழுதிக்கொண்டார்.

"சரி, சாயந்தரத்துக்குள்ள அந்த சீனை எழுதிக் குடுத்துடு."

"சார்?"

"பேருதானே வேணாம்னு சொன்ன? எழுத மாட்டேன்னு சொல்லலையே?"

"இப்போ சொல்றேன்" என்று பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

படிக்கட்டில் நின்றே அப்பாவைக் கூப்பிட்டேன்.

"பேரு வராதுப்பா. வேலையும் இல்ல."



"தெரு பூரா சொல்லிட்டேனேம்மா. யாராவது கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"படத்தைப் பாத்துட்டு வந்து கேக்கச் சொல்லுங்க. ஒருத்தரும் வர மாட்டாங்க."