கனமில்லாத பந்து

விழுப்புரத்தில் ஆரோக்கியசெல்வி வேலை பார்த்த எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு அந்த வீடியோ கேம் பெட்டி வந்து இறங்கியபோது, கூடவே ஆளுயரத்துக்கு ஒரு விளம்பரத் தட்டியும் வந்தது. அதில் ஒரு குடும்பமே டிவிக்கு முன்னால் குதித்துக்கொண்டிருந்தது. "இனி உங்க உடம்புதான் ரிமோட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கையில் ஒரு சின்ன கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு வீசினால், டிவிக்குள் இருக்கிற ஆளும் வீசுவான். குத்தினால் அவனும் குத்துவான். குனிந்தால் குனிவான். கடைக்கு வருகிறவர்களுக்கு அதை ஆடிக்காட்டும் பொறுப்பு செல்விமேல் விழுந்தது. அவளும் சிரித்த முகத்தோடு ஆடிக்காட்டினாள். நாலைந்து பெட்டிகள் விற்கவும் செய்தன.

அதில் ஒரு பெட்டி திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் கிளியனூர் பக்கத்து மனிதர், நல்ல வாட்டசாட்டமான ஆள். பெட்டியை மேசைமேல் வைத்த வேகத்திலேயே அவருடைய கோபம் தெரிந்தது.

"இன்னாம்மா இது, ஒரே பேஜாரா கீது! நானு குதிச்சி, குனிஞ்சி, வேர்த்து ஊத்த ஊத்த ஆடறேன். தோத்துட்டேன்னு சொல்லுது. எம் புள்ள சோபாவுல சாஞ்சிக்கினு மணிக்கட்ட மட்டும் இப்டி இப்டி ஆட்டறான். அவன் ஜெயிச்சிக்கினே போறான். உடம்புதான் ரிமோட்டுன்னு போட்டிருக்கீங்களே, எந்த உடம்பும்மா?"

கடை முதலாளி பிரவீன்குமார் வந்து, சமாதானமாகப் பேசி, வேறொரு பொருளைக் கொடுத்து அவரை அனுப்பிவைத்தார். "ஆடத் தெரியாத ஆளு" என்று செல்வியிடம் கண்ணைச் சிமிட்டினார்.

கூட்டம் குறைந்த மதியத்தில் செல்வி தானே அதைச் சோதித்துப் பார்த்தாள். டென்னிஸ் விளையாட்டைப் போட்டு, தோள் வலிக்க முழுக்கையையும் வீசினாள். பந்து அவளைத் தாண்டிப் போனது. கொசுவை விரட்டுவதுபோல லேசாகக் கையை அசைத்தாள். பந்து பறந்தது, கைதட்டல் கேட்டது. மறுபடி லேசாக அசைத்தாள். இந்தத் தடவை ஒன்றும் நடக்கவில்லை. எது சரி, எது தப்பு என்றே புரியவில்லை. இத்தனை நாளாக இதைத்தான் வாய் நிறையப் புகழ்ந்து விற்றோமா என்று அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"சார், இந்த திரும்பி வந்த பீஸை வீட்டுக்கு எடுத்துக்கினு போயி ஆடிப் பாக்கட்டுமா? என்னான்னு தெரியாம கஸ்டமருங்ககிட்ட பேசறதுக்கு சங்கடமா இருக்குது."

"எடுத்துக்கினு போ. திங்கக்கிழமை வந்துடணும்" என்றார் பிரவீன்குமார்.

செல்வியின் வீடு திண்டிவனத்தில். தினமும் ரயிலில் வந்து போகிறவள். அப்பா ராயப்பன் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கியவர். மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு லாரிப் பலகையில் அவர் ஓட்டமாக ஏறுவதைப் பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். போன வருஷம் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. கால் ஓரளவுக்கு வந்துவிட்டது. கை வரவில்லை. அதிலும் விரல்கள் மூடியே இருந்தன. எதையாவது பிடித்துவிட்டால் விடவும் முடியாது. அம்மா இருதயமேரி வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட வேண்டும். வெளியே போவதை அவர் விட்டுவிட்டார். நாள் முழுக்க டிவி முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எந்த சேனல் ஓடுகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் செல்வி பெட்டியை டிவியில் மாட்டினாள். அம்மாவும் அவளும் டென்னிஸ் ஆடினார்கள். இருதயமேரி புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, பந்து வரும் பக்கமெல்லாம் உண்மையாகவே ஓடி, அலமாரியில் இடித்துக்கொண்டாள். ராயப்பன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அத்த இங்க குடு" என்றார்.

செல்வி கன்ட்ரோலரை அவருடைய இடக்கையில் வைத்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு வலக்கையைக் காட்டினார்.

"இதுல."

விரல்களைப் பிரித்து, கன்ட்ரோலரை உள்ளே வைத்து, அதன் வாரை மணிக்கட்டில் மாட்டினாள். சுலபமாக இருக்கட்டுமென்று, தூரத்தில் நிற்கும் பத்துக் கட்டைகளைப் பந்தை உருட்டிச் சாய்க்கிற விளையாட்டைப் போட்டாள். பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு கையை வீச வேண்டும், வீசும்போது பட்டனை விட வேண்டும். அவ்வளவுதான்.

ராயப்பன் நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றார். கையை வீசினார். டிவியில் இருந்தவன் பந்தோடு அப்படியே நின்றான்.

"இன்னா, நின்னுக்கினே கீறான்?"

"நீ பட்டன விடலப்பா. விட்டாத்தான் பந்து போவும்."

மறுபடி வீசினார். அவன் மறுபடி நின்றான். ராயப்பனின் நெற்றி நரம்பு புடைத்தது. எத்தனையோ தடவைக்குப் பிறகு பந்து கிளம்பியது, நேராக ஓரத்துப் பள்ளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் உட்காரவில்லை. அம்மா சோறு போட்டு எடுத்துவந்தபோதும் உட்காரவில்லை. சாயங்காலம் ஒரு பந்து நட்டநடுவில் ஓடிப் பத்துக் கட்டையையும் சாய்த்தது. இருதயமேரி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள்.

ராயப்பன் மட்டும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கனமே இல்லியே செல்வி. மூட்டைன்னா எவ்ளோ கனம்னு முதுவு சொல்லும். இதுல ஒண்ணுமே சொல்லல. ஆனா பாரு, வேர்க்குது."

பெட்டி திங்கட்கிழமை கடைக்குத் திரும்பிப் போகவில்லை. விஷயத்தைக் கேட்ட பிரவீன்குமார், "இருக்கட்டும், அப்பா ஆடட்டும்" என்று சொல்லிவிட்டார். நல்ல மனசுதான். அதோடு அவருக்கு ஒரு யோசனையும் வந்தது.

"கஸ்டமருங்ககிட்ட உங்க அப்பாவைப் பத்திச் சொல்லு செல்வி. உண்மையைத்தானே சொல்லப் போற?"

உண்மைதான். சொன்னாள். கை வராமல் உட்கார்ந்திருந்த அப்பா இன்றைக்கு எழுந்து நின்று ஆடுகிறார், வாரத்துக்கு வாரம் பாயின்ட் ஏறிக்கொண்டே போகிறது என்றாள். கேட்டவர்கள் தட்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள். பெட்டிகள் மளமளவென்று விற்றன. கிளியனூர்க்காரர் கேட்ட கேள்வியை அவள் மறந்தேபோனாள்.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் அப்பாவைக் காட்டவேண்டிய நாள் வந்தது. அங்கே பயிற்சி கொடுக்கும் அஸ்வினி மேடம் ராயப்பனின் முன்னால் துளைகள் போட்ட பலகையை வைத்து, சின்னக் குச்சிகளை எடுத்து அதில் செருகச் சொன்னார். ராயப்பன் சிரித்துக்கொண்டேதான் கையை நீட்டினார். குச்சி விரலுக்குள் வரவில்லை. உருண்டு கீழே விழுந்தது. சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொன்னார். முடியவில்லை. கைப்பிடியை அளக்கும் கருவியை அழுத்தச் சொன்னார். முள் போன தடவை நின்ற இடத்திலேயே நின்றது.

செல்வி குறுக்கே புகுந்தாள். "தெனமும் ஆடறாரு மேடம். பத்துக் கட்டையும் உழுவுது. நானே பாத்துக்கினு இருக்கேன்."

செல்போனில் எடுத்து வைத்திருந்த வீடியோவைக் காட்டினாள். அஸ்வினி அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்.

"இங்க பாருங்க. விரலும் மணிக்கட்டும் அப்படியே இருக்கு. இவரு தோளைத் தூக்கி, இடுப்பைத் திருப்பி வீசறாரு. பட்டன் எப்ப விடுபடுதுன்னு பாருங்க, உடம்பு குலுங்கும்போது தானா நழுவுது. மெஷினுக்கு ஆட்டம் வந்தாப் போதும். அது எங்கேருந்து வந்ததுன்னு கேக்காது."

"அப்ப வேஸ்ட்டா மேடம்?"

"வேஸ்ட்டுன்னு சொல்லலையே. தோள் நல்லா இளகியிருக்கு. போன தடவையைவிட உறுதியா நிக்கறாரு."

"அது கேமாலயா?"

"இருக்கலாம். பக்கவாதம் வந்து இத்தனை நாளாச்சுன்னா சிலருக்குத் தானாவும் வரும். இதாலதான்னு என்னால அடிச்சிச் சொல்ல முடியாது. நான் கொடுத்த பயிற்சியை விடவேண்டாம். இதையும் ஆடட்டும்."

திரும்பும் வழியெல்லாம் செல்வி தான் சொல்லிச் சொல்லி விற்ற முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பொய் சொன்னோமா? அப்பா எழுந்து நின்றது பொய்யில்லை. கை வந்துவிட்டது என்று அவள் எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் கேட்டவர்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போயிருப்பார்கள். அதுவும் அவளுக்குத் தெரிந்துதானிருந்தது.

அந்த நேரம் பார்த்து பிரவீன்குமார் போன் செய்தார். சனிக்கிழமை அப்பாவைக் கடைக்கே அழைத்துவரச் சொன்னார். நேரில் பார்த்தால் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும் என்றார். செல்வி தட்டிக்கழிக்க வாயெடுத்தாள்.

"வர்றேன்னு சொல்லு" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராயப்பன்.

சனிக்கிழமை இருதயமேரி அவருக்குத் தேய்த்த சட்டை போட்டு, பொத்தான் மாட்டி அனுப்பினாள். கடையில் இருப்பதிலேயே பெரிய டிவியின் முன்னால் அவர் நின்றார். கூட்டம் கூடிவிட்டது. முதல் பந்திலேயே எல்லாக் கட்டையும் சாய்ந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். ராயப்பன் ஒருமுறை சுற்றிலும் பார்த்தார். லாரிப் பலகையில் ஏறும்போது பார்க்கிற பார்வை அது. செல்வி அதைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

கூட்டத்திலிருந்து ஓர் அம்மாள் முன்னால் வந்தார். அனந்தபுரத்தைச் சேர்ந்த அஞ்சம்மாள் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். பின்னால் அவருடைய வீட்டுக்காரர் விருத்தாசலம் கைத்தடியோடு நின்றார். அவருக்கும் ராயப்பனைப் போலவே வலக்கை மடங்கியிருந்தது.

"ஏங்க, உங்களுக்கு இதாலதான் கை வந்துடுச்சா?" என்று கேட்ட அஞ்சம்மாள், பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். "தப்பா நெனச்சிக்காதீங்க. எங்க இத்தத் தொறந்து காட்டுங்க, பாக்கலாம்."

ராயப்பன் பாட்டிலை வாங்கினார். வலக்கையை மூடிமேல் கொண்டுபோனார். விரல்கள் மூடியைச் சுற்றி நழுவின. தோளைத் தூக்கினார், இடுப்பைத் திருப்பினார். மூடி அசையவில்லை. பிரவீன்குமாரின் சிரிப்பு முகத்திலேயே உறைந்து நின்றது.

அஞ்சம்மாள் செல்வியின் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு பாப்பா. வாங்கலாமா, வேணாமா?"

"தெரியலம்மா" என்றாள் செல்வி. அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "எங்க அப்பா எழுந்து நிக்கவே மாட்டாரு. இப்ப நிக்கறாரு, அது நெசம். கை வரல, அதுவும் நெசம். தட்டியில எழுதியிருக்கற மாதிரி இது நம்ம உடம்ப புரிஞ்சிக்குதான்னு கேட்டீங்கன்னா, எனக்குத் தெரியலம்மா."

"அப்ப எங்களுக்கு எதுக்கு?" என்று அஞ்சம்மாள் வீட்டுக்காரரின் தோளைத் தொட்டார். "வாங்க, போவலாம்."

விருத்தாசலம் நகரவில்லை. டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைத்தடியை மனைவியிடம் நீட்டினார்.

ராயப்பன்தான் கன்ட்ரோலரை அவர் கையில் வைத்து, இடக்கையாலும் பல்லாலும் வாரை இறுக்கினார். "அனந்தபுரமா ஐயா? எங்க திண்டிவனம் கமிட்டிக்கு வந்த உங்க மூட்டைய நான் தூக்கியிருப்பேன். வீசறது ஒண்ணுமில்லீங்க. உடறதுதான் கஷ்டம்."

விருத்தாசலம் வீசினார். பந்து பள்ளத்தில் விழுந்தது. மறுபடி வீசினார். மறுபடியும் பள்ளம்.

"நேராத்தான்டா போட்டேன்!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினார் அவர். "நேராப் போட்டா கோணலாப் போறான் பாரு, திருட்டுப் பையன்!"

"அவன் அப்டித்தாங்க. என்னையும் ரொம்ப நாளு ஏமாத்தினான்" என்றார் ராயப்பன்.

அஞ்சம்மாள் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். "கை உழுந்ததுலேருந்து இந்த மனுசன் யாரையும் திட்டனதே இல்ல" என்று செல்வியிடம் மெல்லச் சொன்னார். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று செல்விக்குப் பிடிபடவில்லை. அவர்கள் பெட்டி வாங்கவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கூட்டம் கலைந்ததும் பிரவீன்குமார் தலையில் கைவைத்துக்கொண்டார். "தெரியலன்னு சொல்லி யாராச்சும் சரக்கு விப்பாங்களா செல்வி?"

"தெரியல சார்" என்றாள் செல்வி. சொன்ன பிறகுதான் மறுபடியும் அதையே சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. அவர் கோபப்பட முயன்று, முடியாமல், தட்டியை வாசலில் இருந்து எடுத்துக் கடைக்கு உள்ளே கொஞ்சம் தள்ளி வைத்தார்.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ராயப்பன் பேரணி ஸ்டேஷன் தாண்டியதும் கேட்டார்.

"செல்வி, மொதப் பந்துல அத்தினியும் உழுந்துதே. அது நான் போட்டதா, இல்ல அதுவே போட்டுக்கினதா?"

அவள் யோசித்தாள். அப்பாவின் தோள்தான் வீசியது. பட்டன் தானாகத்தான் நழுவியது. பந்தை நேராக ஓடவைத்தது பெட்டி. எழுந்து நின்றவர் அப்பா.

"தெரியலப்பா."

"எனக்கும் தெரியல" என்றார் ராயப்பன். அதில் வருத்தம் இருந்தமாதிரி தெரியவில்லை.

திங்கட்கிழமை கடை திறந்த கொஞ்ச நேரத்தில் அஞ்சம்மாள் போன் செய்தார். "பாப்பா, இவரு காலையிலேருந்து தொல்ல குடுத்துக்கினு கீறாரு. அந்தத் திண்டிவனத்துக்காரரு மறுபடி எப்ப வருவாருன்னு கேக்கறாரு. பெட்டிய வாங்கித் தரேன்னா வேணாங்கறாரு. ஒண்ணுமே புரியல பாப்பா."

செல்வி போனைக் கையால் பொத்திக்கொண்டு முதலாளியைப் பார்த்தாள், அவர் தலையாட்டினார். இன்னொரு போனில் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டாள். பிறகு விருத்தாசலத்தைச் சனிக்கிழமை அழைத்துவரும்படி அஞ்சம்மாளிடம் சொன்னாள்.