நீலக் கோட்டு சொன்ன வானிலை

ஊருக்கெல்லாம் மழை சொல்கிறவர் பேச்சு அவர் வீட்டுக்குள் மட்டும் எடுபடவில்லை. உள்ளூர்த் தொலைக்காட்சியில் தினமும் காலையில் வானிலை வாசிப்பவர் அவர். தெருவில் அவருக்கு வருணபகவான் என்று பெயர். பெயர் வைத்தவர் கீழ்வீட்டு மெக்கானிக். மழை பெய்தாலும் அவரைத்தான் கேட்பார்கள், பெய்யாவிட்டாலும் அவரைத்தான் கேட்பார்கள். வானிலை நிலையத்திலிருந்து வரும் தாளைக் கணீரென்று வாசிப்பதைத் தவிர அவருக்கும் மேகத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதை வெளியே சொல்லிக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை. பகவான் பட்டம் சும்மா கிடைத்துவிடுமா?

பெண்டாட்டியிடம் அந்தப் பட்டம் செல்லுபடியாகவில்லை என்பதுதான் அவருடைய ஒரே குறை. அவர் வெயில் என்றால் அவள் குடையை எடுத்துப் பைக்குள் வைப்பாள். மழை என்றால் மொட்டைமாடியில் துணி காயப்போடுவாள். வம்புக்குச் செய்வதில்லை. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, "வலிக்கவே வலிக்காது" என்று டாக்டர் சொல்வதையும், அடுத்த நிமிடம் உள்ளேயிருந்து வரும் அலறலையும் வருஷக்கணக்காகக் கேட்டவள். அறிவிப்பு எதுவானாலும் அவளுக்குச் சந்தேகம்தான். எரிச்சல் என்னவென்றால், பாதி நாள் அவள் குடைதான் ஜெயித்தது.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஊரே என்னை நம்புது. நீ ஒருத்திதான் நம்ப மாட்டேங்கற."

"ஊருக்கு உங்களப் பத்தி என்ன தெரியும்?"

"ஒரே ஒரு நாள் நம்பிப் பாரேன். அப்புறம் பேசு."

வழக்கமான கணீர்க் குரலாக இருந்தால் அவள் காதிலேயே போட்டுக்கொண்டிருக்க மாட்டாள். இது கெஞ்சல். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சரி. சனிக்கிழமை எனக்கு லீவு. மெத்தை, தலகாணி எல்லாம் வெயில்ல போடணும். நீங்க வெயில்னு சொன்னா போடறேன். போதுமா? இப்ப அந்த நீலக் கோட்ட எடுத்துட்டு வாங்க. பட்டன் தொங்குது, தச்சுத் தரேன்."

"அது அப்புறம் தச்சுக்கலாம்."

இனி வரப்போகும் அத்தனை கூத்தும் அந்த ஒரு 'அப்புறம்' செய்த வேலை.

சனி, ஞாயிறு வானிலை இரண்டையும் வெள்ளிக்கிழமை மாலையே பதிவு செய்துவிடுவது அந்தத் தொலைக்காட்சியின் வழக்கம். நீலக் கோட்டு என்றால் சனி, காப்பிக்கலர்க் கோட்டு என்றால் ஞாயிறு. ஒளிபரப்புகிறவர் இவர் பேசுவதையெல்லாம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். கோட்டைப் பார்ப்பார், கிழமையைத் தெரிந்துகொள்வார், ஓடவிடுவார். இந்த வெள்ளிக்கிழமை நீலக் கோட்டை மாட்டும்போது பட்டன் கையோடு வந்துவிட்டது. ஒப்பனைக்காரம்மா அதை வாங்கிக்கொண்டு ஊக்குத் தேடப் போனார். சும்மா நிற்பானேன் என்று இவர் காப்பிக்கலரை மாட்டிக்கொண்டு முதல் தாளை வாசித்து முடித்தார். ஊக்குக் குத்திய நீலம் வந்ததும் அதைப் போட்டுக்கொண்டு இரண்டாவது தாளை வாசித்தார். வாசித்தது எதுவும் அவர் மண்டையில் தங்காது. தங்கினால் நாக்கு தடுக்கும் என்பது அவர் கட்சி.

அதனால் மறுநாள் வானிலையை அவரும் தன் வாயால் டி.வி.யில் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார். சனிக்கிழமை காலை புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நீலக் கோட்டில் அவர் தோன்றினார். இன்று வானம் தெளிவாகக் காணப்படும், மழைக்கு வாய்ப்பே இல்லை என்றார்.

"ஊக்கு பளபளங்குது" என்றாள் அவள்.

"அத விடு. நான் என்ன சொன்னேன், கேட்டியா?"

"கேட்டேன்."

எழுந்து போய் மெத்தையைச் சுருட்ட ஆரம்பித்தாள். இவர் ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். தலையணை, போர்வை, திண்டு என்று வீட்டில் பஞ்சு இருந்த அத்தனையும் மொட்டைமாடிக்கு ஏறின. சொன்னால் சொன்னபடி செய்கிறவள்தான். அவள் பின்னால் மெத்தையோடு படியேறிய அவருக்குக் கல்யாணத்தன்றுகூட இவ்வளவு பூரிப்பு இருந்திருக்காது. கீழே மெக்கானிக், "பகவானே, உங்கள நம்பித்தான் வேனுக்குப் பெயின்ட் அடிக்கறேன்" என்று குரல் கொடுத்தார். இவர் மேலேயிருந்து கை தூக்கி ஆசீர்வாதம் செய்தார்.

மத்தியானத்துக்குமேல் மேற்கே கொஞ்சம் கறுத்தது.

"எடுத்துடலாமா?" என்றாள் அவள்.

"அது கடந்து போற மேகம். இவ்வளவு நம்பிட்ட, இன்னும் கொஞ்சம் நம்பு."

மேகம் கடந்து போகவில்லை. வந்து உட்கார்ந்துகொண்டது. சன்னல்கள் படபடவென்று அடித்தன, கரண்ட் போனது, பட்டப்பகலில் வீடு இருண்டது. அவள் மாடிப்படியேறிக் கதவைத் திறந்த நேரம், எதிர்க் கட்டடத்துத் தென்னை மரத்தில் மின்னல் இறங்கியது. கதவைச் சாத்திக்கொண்டு இறங்கிவிட்டாள். மெத்தைக்காக உயிரை விடுகிற ஆள் இல்லை அவள். வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். இடி ஒவ்வொன்றும் தன்னைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது என்று அவருக்குத் தோன்றியது.

அந்த நேரம் பார்த்துச் செய்தி ஆசிரியர் போன் செய்தார்.

"சார், கேமராமேன் தண்ணியில மாட்டிக்கிட்டார். உங்க வீட்லேருந்தே போன்ல நேரலை கொடுத்துடுங்க. பின்னாடி மின்னல் நல்லாத் தெரியணும். அப்புறம், 'காலையிலேயே எச்சரித்தோம்'னு ஒரு வரி சேத்துக்கங்க."

"நாம எச்சரிக்கலயே."

"யாரு சார் ஞாபகம் வச்சிருக்கப் போறாங்க? நீங்க சொன்னா நம்புவாங்க."

போனைப் பிடிக்க ஆள் வேண்டும். வீட்டில் இருந்த ஒரே ஆள் அவள்தான். பால்கனிக் கதவைத் திறந்து வைத்து, அதற்கு முதுகைக் காட்டிக் கூடத்தில் இவர் நின்றார். எதிரே அவள் போனைத் தூக்கிப் பிடித்தாள். வீட்டுக் கால்சட்டை தெரியாதபடி இடுப்புக்கு மேலே மட்டும் படத்தில் வர வேண்டும் என்று ஏற்பாடு. மேலே நீலக் கோட்டு.

"கை நடுங்காமப் பிடி."

"நான் எதுக்கு நடுங்கணும்? நானா சொன்னேன்?" அவள் பார்வை கோட்டில் நின்றது. "ஏங்க, இந்த ஊக்க எப்பக் குத்தினாங்க?"

"காப்பிக்கலர்ல வாசிச்சிட்டிருந்தப்ப."

"அப்ப நீலத்த ரெண்டாவதாப் போட்டீங்க."

"ஆமா."

"ரெண்டாவது தாள் ஞாயித்துக்கிழமைக்கு உள்ளது இல்ல?"

அவர் குனிந்து ஊக்கைப் பார்த்தார். காதில் மாட்டியிருந்த கருவி, "நேரலை, பேசுங்க" என்றது.

வாய் பழக்கத்தில் தானாக ஓடியது. நேயர்களுக்கு வணக்கம் சொன்னார். நகரெங்கும் பலத்த சூறைக்காற்றுடன் இடி, மின்னல் என்றார். "இதுகுறித்து நமது தொலைக்காட்சி காலையிலேயே" என்று ஆரம்பித்தவர் நின்றுவிட்டார். மிச்சம் ஒரே ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டால் ஊர் நம்பிவிடும். நம்பாத ஒருத்தி எதிரே நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தாள். போனுக்கு மேலே அவளுடைய இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. அவருக்குப் பின்னால், பால்கனிக்கு வெளியே, மேலேயிருந்து ஒரு தலையணை இறங்கிப் போனது.

"காலையிலயே தப்பாச் சொல்லிட்டோம்" என்றார். கணீர்க் குரல் எங்கோ போய்விட்டது. "வானிலை நிலையத்து மேல குத்தமில்ல. அவங்க இடி மின்னல்னுதான் எழுதிக் கொடுத்தாங்க. பட்டன் அறுந்து, நான் கோட்ட மாத்திப் போட்டுட்டேன். சனிக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை வந்துடுச்சு. என்னை நம்பி மெத்தைய வெயில்ல போட்ட ஒரு அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன். பட்டன் தச்சுத் தரேன்னு அவங்க வியாழக்கிழமையே சொன்னாங்க."

இரண்டாவது தலையணை இறங்கியது. கீழேயிருந்து மெக்கானிக்கின் குரல் நேரலைக்குள் ஏறி வந்தது. "யோவ் பகவானே, உன் வீட்டுப் போர்வை என் வேன் மேல ஒட்டிக்கிச்சுய்யா."

போன் ஆட ஆரம்பித்தது. புயலின் வேகத்தில் கேமரா நடுங்குவதாக நேயர்கள் நினைத்தார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல், தெருப் பக்கம் போனைத் திருப்பிவிட்டாள். சரியாக அந்த நொடியில் வானம் குறுக்கே கிழிந்தது. அந்த வெளிச்சத்தில், மஞ்சள் பெயின்ட் வழியும் வேன், அதன்மேல் பூப்போட்ட போர்வை, அதைப் பிடித்து இழுக்கும் மெக்கானிக் எல்லாம் துல்லியமாகப் பதிவாயின. இருபது வருஷம் கேமரா பிடித்தவருக்கும் வாய்க்காத படம் என்று செய்தி ஆசிரியர் பிறகு சொன்னார். திட்டி முடித்தபிறகுதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டையைப் பிளக்கும் வெயில். காப்பிக்கலர்ப் பதிவை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இடியும் மின்னலும் தாக்கும், யாரும் வீட்டை விட்டு வெளியே வர வேண்டாம் என்று அவர் டி.வி.யில் கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். அதே நேரம் மொட்டைமாடியில் மெத்தையை மிதித்துத் தண்ணீர் பிழிந்துகொண்டிருந்தார். தெருவே அண்ணாந்து வேடிக்கை பார்த்தது. பகவான் பட்டம் அன்றோடு போயிற்று. இப்போது அவர் பெயர் கோட்டு.

திங்கட்கிழமை விடிந்ததும் அவரே நீலக் கோட்டுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். விரலில் இரண்டு இடத்தில் குத்து. துணி வாளியோடு அவள் வந்து நின்றாள்.

"இன்னிக்கு எப்படி?"

வழக்கமாக ஒரு பதில் தயாராக இருக்கும். அவர் ஊசியைப் பார்த்துக்கொண்டே, "தெரியாது. தாள் இன்னும் வரல" என்றார்.

அவள் வாளியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு படியேறிப் போனாள். அவர் கிளம்பும்போது பார்த்தால், கூடத்து நாற்காலிகளின்மேல் அவருடைய சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. மாடிக்கு ஏறிப் பார்த்தார். கொடியில் அவள் சேலைகள், விசேஷத்துக்கு என்று வைத்திருந்த நல்ல சேலை உட்பட, திறந்த வானத்துக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தன.

"ஏன் பாதி உள்ள, பாதி வெளிய?"

"நீங்க வெயில்னா குடை எடுப்பேன், மழைன்னா துணி போடுவேன். தெரியாதுன்னு நீங்க சொல்லி நான் கேட்டதே இல்லயே. அதான் பாதி."

"சரி, என் சட்டை ஏன் உள்ள?"

"அது ஊர் பாக்கற சட்டை. ஏற்கெனவே சிரிக்கறாங்க" என்றாள் அவள், கொடியில் கிளிப்பை மாட்டிக்கொண்டே. "என் சேலை நனைஞ்சா நான் பாத்துக்கறேன்."

அவர் அண்ணாந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் வானத்தை அவர் நிமிர்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.