ஈ வராத வீட்டுப் பிணப்பூ

என் தங்கை திரீக்காவின் வீட்டுக்கடியில் ஏதோ செத்துக் கிடப்பதாகக் கோமக்காஸ் ஊரே நம்பியது. அழுகிய ஆட்டுக்குடலை ஈரச் சாக்கில் கட்டி மூக்கில் திணித்தது போன்ற நாற்றம். மேலே பறந்த காக்கை இருமியதை என் கண்ணால் பார்த்தேன்.

சனிக்கிழமை அவள் மகள் யொலாண்டியைப் பெண் கேட்டு வருகிறார்கள். நர்ஸ் படிப்பை முடித்த பிறகுதான் கல்யாணம் என்பது பெண்ணின் பிடிவாதம். உடனே வேண்டும் என்பது மாப்பிள்ளை வீட்டுப் பிடிவாதம். இந்த நாற்றத்தில் பேச்சு எங்கே நடக்கும்? திரீக்கா தரைப்பலகைகளைப் பெயர்த்தாள். காய்ந்த எலி ஒன்று கிடைத்தது. பாவம், அது நாறவே இல்லை. பினாயிலைக் கொட்டினாள். மருந்தடித்து ஈக்களையெல்லாம் கொன்றாள்.

"அண்ணே, சமையக்காரன்தானே நீ? மோந்து பாத்துச் சொல்லேன்!"

"முப்பது வருஷம் சுரங்கத்துல சமைச்ச மூக்கும்மா. அது எப்பவோ செத்துப்போச்சு."

பச்சைப் பொய். அவள் வாசற்படிக்குப் பின்னால் பிணப்பூச் செடியை நட்டவனே நான்தான். செவ்வாயன்று இரண்டு பூ விரிந்தன: பச்சை இறைச்சி நிறம், மேலே ஆட்டுத்தோல் மயிர். அதற்கு மாப்பிள்ளை ஈதான். ஈ வந்து போனால் காய் பிடித்துச் சுருங்கிவிடும். வராவிட்டால் கதவைச் சாத்தாமல், நாறிக்கொண்டே காத்திருக்கும். அவள் ஈயைக் கொல்லக் கொல்ல அது விரிந்தே கிடந்தது. உண்மையைச் சொன்னால் வேரோடு பிடுங்குவாள். எனக்கோ விதைக்குக் காய் வேண்டும்.

சனிக்கிழமை லூக்காஸ் வந்தார். மாப்பிள்ளையின் அப்பா, ஸ்பிரிங்பாக் டவுனில் கசாப்புக் கடை வைத்திருப்பவர். வண்டியோடு ஒரு ஈப்படையும் வந்தது. வாசலில் நின்றார், மோந்தார், தன் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். முகம் சிவந்தது.

"மன்னிச்சுக்க தங்கச்சி. காலைல மூணு ஆடு அறுத்தேன். ரெண்டு தடவ குளிச்சும்... இவ்வளவு நாறுவேன்னு தெரியாமப் போச்சே!"

திரீக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"அதனாலென்ன சம்பந்தி," என்றாள் அவள், மூச்சை அடக்கியபடி. "உழைக்கிற உடம்புன்னா வாடை இருக்கத்தான் செய்யும்."

கூச்சத்தில் உள்ளே வராமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார், பூவுக்கு ஒரு முழம் தள்ளி. ஈக்கள் அவரை விட்டுப் பூவுக்குள் பாய்ந்தன.

"படிப்பு முடியட்டும்னு பொண்ணு..." என்று இழுத்தாள் திரீக்கா.

"முடியட்டும், முடியட்டும்! நான் கெளம்புறேன்."

ஞாயிறன்று பூக்கள் சுருங்கிவிட்டன. இறைச்சி என்று நம்பி ஈக்கள் இட்ட முட்டைகள் மயிருக்குள் அரிசி நொய்யாய் அப்பிக் கிடந்தன. இரண்டு நாளில் புழுக்கள் நெளிந்து, தின்ன ஒன்றுமில்லாமல் செத்தன.

"அப்பாடா! நாத்தமெல்லாம் சம்பந்தியோடயே போயிருச்சு," என்றாள் திரீக்கா.

அடுத்த வருடம் கல்யாணத்துக்கு நாள் குறிக்க லூக்காஸ் சோப்பில் ஊறியவர் போல வந்தார். அந்த வாடை ஒரு தனிக் குமட்டல். செடியில் ஆட்டுக்கொம்பு போல இரண்டு காய் நிமிர்ந்து நின்றன.

"அழகா இருக்கே! பூத்தா மணக்குமா?" என்று என்னைக் கேட்டார்.

"மூக்க விட்டுப் போகாது. காயப் பறிச்சுட்டுப் போங்க. உங்க கடையோரமா வெதச்சா நல்லா வரும்."