ட்யூப் பிடுங்கிய கார்

ஐரீனுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஸ்டியரிங்கைத் தொட்டே பார்க்காதவர்கள் இன்னும் அடித்துச் சொல்வார்கள். அவள் புருஷன் அம்புரோஸ் அதில் முதல் ஆள்.

கல்மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் சந்து. ஐரீன் வீட்டுக்கு நேர் எதிர் மாடி என்னுடையது. எட்டிப் பார்க்கிற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. துணி காயப்போடும் கொடி அந்தப் பக்கம் இருக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

ஐரீன் பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தாள். இரண்டாயிரத்தில் முதலாளி ஆபீசை இழுத்து மூடிவிட்டு மகனோடு ஆஸ்திரேலியாவுக்குப் போனார். போகும்போது தன்னுடைய பழைய ஜப்பான் காரை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். "பொம்பள பேர்ல எதுக்கு? ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு யார் அலையறது?" என்று சொல்லி அம்புரோஸ் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டான். ஹார்பரில் இறங்கும் மூட்டைகளை எண்ணுகிற வேலை அவனுக்கு. கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளவும் மாட்டான். கற்றுக்கொண்டால் தெரியாது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே.

ஐரீன் போய்க் கற்றுக்கொண்டாள். விடியற்காலையில் டிரைவிங் ஸ்கூல் வண்டியில் போய் லைசென்சும் வாங்கிவிட்டாள். வேலை போன பிறகு அவளுக்கு ஒரே ஒரு யோசனைதான். எங்கள் சந்துப் பிள்ளைகள் திருவொற்றியூரில் ஒரு கான்வென்ட்டில் படிக்கிறார்கள். ஆட்டோவில் அவர்களை மீன்கூடையில் நெத்திலி அமுக்குகிற மாதிரி அமுக்கிக்கொண்டு போவார்கள். ஜூனிலிருந்து நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். அம்மாக்களில் ஜெரினாதான் முதலில் சரி என்றாள். ஜெரினா சொன்னதும் மற்ற அம்மாக்களும் ஒப்புக்கொண்டார்கள். ஏப்ரல், மே முழுக்க ஐரீன் எண்ணூர் வரைக்கும் ஓட்டிப் பழகினாள். கார் ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை.

அம்புரோசுக்கு அது பொறுக்கவில்லை. "பசங்களோட நடு ரோட்ல ஒரு வாட்டி நின்னுச்சுன்னு வெச்சிக்கோ, வித்துடுவேன்" என்று சந்துக்கே கேட்கிற மாதிரி சொல்லி வைத்தான்.

மே மாதக் கடைசி ஞாயிறு. பூசை முடிந்து வந்தவன், நாலு பேர் பார்க்கட்டும் என்று பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். அந்த வழியாக வந்தான் சுயம்பு. காசிமேட்டில் மீன் பிடிக்கப் போகும் லாஞ்சுகளுக்கு இன்ஜின் மெக்கானிக். டீசல் இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவான் என்று அவனுக்குப் பெயர். பெட்ரோல் காரை அதுவரை தள்ளிவிட்டு மட்டும்தான் பழக்கம்.

உள்ளே எட்டிப் பார்த்தான். கார்புரேட்டரைச் சுற்றிக் கறுப்பு ரப்பர் ட்யூபுகள் இடியாப்பம் மாதிரி பின்னிக் கிடந்தன. புகை குறையவும், பெட்ரோல் ஆவி வெளியே போகாமல் இருக்கவும் ஜப்பான்காரன் செய்த ஏற்பாடு என்று முதலாளி ஐரீனிடம் சொல்லியிருந்தாராம்.

"இன்னா மாமு இது? ஐ.சி.யு.ல படுத்துகினு கீற கேசு மாரி இத்தினி ட்யூபு?"

"என்னக் கேட்டா? அவ வண்டி."

"இன்ஜினுக்கு இன்னா வோணும்? எண்ண வரணும், காத்து வரணும், பொக போவணும். மிச்சமெல்லாம் பேஜாரு. எங்க லாஞ்சுல நடுக்கடல்ல ஒரு ட்யூபு அவுந்துச்சின்னா அத்த யாரு வந்து மாட்றது? அதான் தேவ இல்லாதத்த வெக்கவே மாட்டோம்."

ஐரீன் மீன் கழுவிய கையோடு வெளியே வந்தாள். "ஓடற வண்டிண்ணே. அதுல எதுக்குக் கைய வெக்கறீங்க?"

"ஓடுது தங்கச்சி. எத்தினி நாளைக்கு ஓடும்? பசங்கள ஏத்திகினு போவசொல்ல புட்டுகிச்சுன்னா?"

பசங்க என்றதும் அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்து நின்றாள்.

மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்தது. பிடுங்கிய ட்யூபுகள் சாக்கடை ஓரமாகக் குவிந்தன. மூலையில் இருந்த ஒரு கறுப்பு டப்பாவைக் கழற்றித் தட்டினான். உள்ளேயிருந்து கரி கொட்டியது. நிஜக் கரி.

"மாமு, ஜப்பான்காரன் பல்லு வெளக்கக் கரி குடுத்துகீறான் பாரு!"

சந்தே சிரித்தது. நானும்தான் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

பெட்ரோல் டாங்கிலிருந்து அந்தக் கரி டப்பாவுக்கு வந்த ட்யூப் மட்டும் அந்தரத்தில் தொங்கியது. அதன் வாயில் ஒரு போல்ட்டைத் திணித்து கிளாம்ப் போட்டு முறுக்கினான் சுயம்பு. டாங்க் மூடியில் இருந்த பழைய வாஷரைப் பிய்த்துவிட்டு லாஞ்சுக்குப் போடும் தடித்த ரப்பரை வெட்டி வைத்தான்.

"அந்த ட்யூப ஏண்ணே அடைக்கிறீங்க?" என்றாள் ஐரீன்.

"டாங்க்னா கம்முனு மூடிகினு இருக்கணும் தங்கச்சி. லாஞ்சுல கொஞ்சம் லூசா வுட்டாலும் அலை அடிச்சு உப்புத்தண்ணி பூந்துடும்."

கார் ஓடப்போகிற டி.எச். ரோட்டில் அலை அடிக்காது என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

காரை ஸ்டார்ட் செய்தான். முன்னைவிடக் கொஞ்சம் முரட்டுச் சத்தம், அவ்வளவுதான். "நீட்டா கீது பாரு" என்று அம்புரோஸ் அன்று முழுக்க பானெட்டை மூடவேயில்லை.

பள்ளிக்கூடம் திறந்தது. ஐரீன் இஸ்திரி போட்ட புடவை கட்டி, டாங்கை நிரப்பிக்கொண்டு வந்து, பிள்ளைகளை ஏற்றினாள். கண்ணாடியைச் சரிசெய்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எனக்கே இரண்டு நிமிஷம் அவளைப் பற்றிக் கெட்டதாக எதுவும் தோன்றவில்லை.

தண்டையார்பேட்டை தாண்டி, ஹார்பருக்குப் போக வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் கார் இருமிக்கொண்டே நின்றது. பின்னால் லாரிக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. உள்ளே பிள்ளைகள் அழுகை. கால் மணி நேரம் கழித்து சாவியைத் திருப்பினதும் எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆயிற்று.

சாயங்காலம் சுயம்பு வந்து காசிமேடு வரைக்கும் ஓட்டிவிட்டு வந்தான். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் அது நிற்கவில்லை. "வண்டி தங்கமாட்டம் கீது மாமு. தங்கச்சிதான் கிளட்ச்ச மெதிச்சுகினே ஓட்டுது."

"நான் அப்பவே சொன்னேன்" என்றான் அம்புரோஸ். எப்போது, என்ன சொன்னான் என்று யாரும் கேட்கவில்லை.

"ஞாயித்துக்கிழம வரைக்கும் விக்காத, டைம் குடு" என்று ஐரீன் அவனிடம் கெஞ்சியது என் கொடி வரைக்கும் கேட்டது. வியாழக்கிழமை மறுபடியும் லாரிகளுக்கு நடுவில் நின்றது. அன்று ராத்திரி ஜெரினா வாசலில் வந்து நின்றாள்.

"ஒங்க மேல கொற சொல்லலக்கா. ஆனா நான் பெத்த புள்ள. அந்த லாரிங்கள நெனச்சா சோறு எறங்கல."

ஜெரினா நிறுத்தியதும் மற்ற அம்மாக்களும் நிறுத்திவிட்டார்கள்.

சனிக்கிழமை ஐரீன் தனியாகவே காரை எடுத்தாள். எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று பார்த்துவிடுவது என்று கிளம்பியிருக்கிறாள். திருவொற்றியூரில் ஒரு பங்க்கில் பெட்ரோல் போட மூடியைத் திருகினபோது உஸ்ஸ் என்று காற்றை உள்ளே இழுத்ததாம். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வழியில்லை. டாங்க் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது, இன்ஜினுக்குப் பெட்ரோல் வருவதில்லை. மூடியை இறுக்காமல் எண்ணூர் வரைக்கும் போய்த் திரும்பினாள். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

சந்துக்குள் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தாள். அத்தனை சந்தோஷத்தோடு அவளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

வாசலில் அம்புரோஸ், சுயம்பு, கூடவே காசிமேட்டில் இறால் ஏற்றி அனுப்புகிற தமீம். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அம்புரோசுக்குப் பொறுக்கவில்லை. காருக்கு விலை பேசி முடிந்து தமீமின் அட்வான்சும் கை மாறிவிட்டது.

"மூடிதாங்க! டாங்குக்குக் காத்து போவல!" என்று மூச்சிரைக்கச் சொன்னாள். "வேணும்னா பாருங்க." மூடியை இறுக்கினாள், சந்துக்கு வெளியே டி.எச். ரோட்டில் ஒரு பெரிய சுற்று ஓட்டிவிட்டு வந்து எல்லார் எதிரிலும் திருகினாள். உஸ்ஸ். என் மாடிக்கே கேட்டது.

சுயம்புவின் முகம் ஒரு நொடி மாறியது. அவனுக்குப் புரிந்துவிட்டது, மேலேயிருந்து நான் பார்த்தேன். காசிமேட்டில் இந்தக் கதை பரவினால் எந்த லாஞ்சு ஓனர் அவனைக் கூப்பிடுவான்?

"அது ஒண்ணியும் இல்ல தங்கச்சி. எல்லா வண்டிலயும் வர்ற சத்தம்தான்."

"சோடா ஒடச்சாலும்தான் உஸ்ஸுங்குது" என்றான் அம்புரோஸ். "அட்வான்ஸ் வாங்கியாச்சு. உள்ள போ."

ஐரீன் சுயம்புவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் குனிந்து வேட்டியில் இல்லாத அழுக்கைத் தட்டிக்கொண்டிருந்தான். தமீம்தான் பாவம், யார் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் டயரை உதைத்தான்.

ஆடி மாதம் ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் நானும் ஐரீனும் நின்றுகொண்டிருந்தோம். மணலியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்களாம். எதிரே அந்தக் கார் வந்து நின்றது. பின் சீட்டைக் கழற்றி இறால் பெட்டி அடுக்கியிருந்தான் தமீம்.

"அக்கா, ஏறிக்கோங்க. நான் திருவொத்தியூர் பக்கந்தான் போறேன்."

அவள் ஏறவில்லை. சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். டாங்க் மூடியின் நடுவில் ஆணி தடிமனுக்கு ஒரு துளை.

"இந்த ஓட்டய யாரு போட்டது?"

"சுயம்பு அண்ணன்தான்க்கா. வண்டிய எடுத்துகினு வந்தேன் பாருங்க, அன்னிக்கே போட்டுக் குடுத்தாரு. அதுலேர்ந்து ஒரு நாள்கூட நின்னதில்ல." கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தான். "ஒங்களுக்கு இது ராசியில்லாத வண்டி போலக்கீது."

ஐரீன் அந்தத் துளையின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை. பிறகு விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "நேரமாவுது, நீ கெளம்பு" என்றாள்.

கார் புறப்பட்டுப் போயிற்று. எங்கள் பஸ் வர இன்னும் வெகுநேரம் ஆனது. அன்று சாயங்காலம் துணி எடுக்கப் போனபோது, எதிர் வாசலில் அம்புரோஸ் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்: "நல்ல வண்டிப்பா அது. இவளுக்குத்தான் ஓட்டத் தெரியல."